கொலு ரயிலுக்குக் குரல் வந்த கதை

நவராத்திரி வந்துவிட்டால் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கொலுப் படிகளுக்குக் கீழே ஒரு பூங்கா முளைத்துவிடும். மணலில் கடுகு தெளித்துப் பயிராக்குவதும், முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி வாத்து மிதக்க விடுவதும் நம் பாட்டிமார் காலத்து வித்தை. பூங்காவைச் சுற்றி ஒரு ரயில் ஓடினால் அந்த வீட்டுக்குக் கூட்டம் தனி. முன்பு சாவி கொடுத்த ரயில். அப்புறம் பாட்டரி ரயில். இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி வரும் மின்சார ரயில். அசலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடும்போது தையல் மிஷின் மாதிரி ‘உய்ங்’ என்று ஒரு சத்தம்! ரயில் என்றால் அதற்கு ஒரு குரல் வேண்டாமா?

வேண்டுமென்றால் கொடுக்கலாம். சில வீடுகளில் கொடுத்தும் விட்டார்கள். “உள்ளே டேப் வைத்திருக்கிறதா?” என்று கேட்டார் ஒரு மாமி. டேப் இல்லை. சங்கதி அதைவிட ருசியானது.

பழைய முறையில், தண்டவாளத்தில் எவ்வளவு மின்சாரம் விடுகிறோமோ அவ்வளவு வேகம். குழாயைத் திருகுவது போலத்தான். இதில் இரண்டு சங்கடம். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும், சேர்ந்தே நிற்கும். வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். ஸ்டேஷனில் நிற்கும் எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்பதுதானே அழகு? மின்சாரமே இல்லாதபோது எதைக் கொண்டு உறுமும்?

புதிய ‘டிஜிடல்’ முறையில் தண்டவாளத்தில் எப்போதும் ஏறக்குறைய 15 வோல்ட் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அந்த மின்சாரமே உத்தரவையும் சுமந்து போகும். எப்படி என்கிறீர்களா? நம் செய்யுள் இலக்கணத்தில் குறில், நெடில் என்று படித்தோமே, அதே கணக்கு. மின்சாரம் கணத்துக்குக் கணம் திசை மாறுகிறது. ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் 58 கூறு நேரத்துக்கு ஒரு முறை மாறினால் குறில். 100 கூறோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு மாறினால் நெடில். இந்தக் குறில் நெடிலைக் கோத்தே, “மூன்றாம் நம்பர் எஞ்சினே, மெதுவாகப் புறப்படு, விளக்கைப் போடு” என்று சொல்லிவிடலாம். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் கூடத்திலிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டால் எல்லார் காதிலும் விழும், உரியவள் மட்டும் எழுந்து போவாள் அல்லவா? அப்படித்தான். கடையிலிருந்து வரும் எஞ்சினுக்குப் பெரும்பாலும் 3 என்ற எண்ணைத்தான் வைத்து அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நாம் வேறு எண் சூட்டிக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் பெர்ண்ட் லென்ஸ் என்பவர் 1980-களில் உருவாக்கிய முறை இது. 1990-களில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் இதைப் பொது விதியாக்கியது. அதனால் ஒரு கம்பெனியின் எஞ்சினை இன்னொரு கம்பெனியின் கருவியால் ஓட்ட முடிகிறது.

உத்தரவைப் பிரித்துப் படிக்க எஞ்சினுக்குள் ஒரு சிறு தகடு இருக்கிறது. ‘டிகோடர்’ என்று பெயர். ஒலியுள்ள டிகோடரில், நிஜமான எஞ்சினின் அருகே ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்த சத்தங்கள் துண்டு துண்டாக இருக்கும். கிளம்புகிற உறுமல், ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு தொனி, பிரேக்கின் கிறீச்சு, ஹாரன் என்று தனித் தனி. வண்டியின் வேகத்துக்குத் தக்கபடி எடுத்துப் பாடுவது அதன் வேலை. பாடுவதற்கு ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு ஸ்பீக்கர். அதைச் சுற்றிக் காற்றுப் போகாத ஒரு சிறு பெட்டி அவசியம். பெட்டி இல்லாத ஸ்பீக்கர் குடமில்லாத வீணைதான். கொசு முனகுகிற மாதிரி இருக்கும். பலர் இங்கேதான் அலட்சியம் செய்துவிட்டு, “இவ்வளவு செலவு செய்தும் சத்தமே இல்லையே!” என்கிறார்கள்.

மாற்றுகிற வேலை சுலபமா? எஞ்சினைப் பொறுத்தது. அண்மைக் காலத்தில் செய்த பலவற்றில் ஒரு சாக்கெட்டை முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். பூத்தையல் போடத் தெரிந்த விரல்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. பழைய எஞ்சினாக இருந்தால்தான் ஸால்டரிங் கம்பியை எடுக்க வேண்டியிருக்கும். நூல் நிறம் பார்த்துத் தைப்பது போல, சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வரும் கம்பிகள். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்குப் போகிறவை. இந்த இரண்டு ஜோடியும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு பக்கம் இரும்புச் சட்டத்தோடு ஒட்டியிருப்பது வழக்கம். அதைப் பிரித்துத் தனியாக்காமல் டிகோடரை வைத்தால், மின்சாரம் விட்ட கணமே புகைந்துவிடும். புகைவது சாமானிய வஸ்து அல்ல. நல்ல பட்டுப் புடவை ஒன்றின் விலை!

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தாத்தா காலத்துச் சாவி ரயிலையோ, இனிக் கிடைக்காத பழைய எஞ்சினையோ அறுத்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம். அது ஊமையாகவே இருக்கட்டும். புதிதாக வந்தது பாடட்டும்.

கம்பியும் விலையும் எப்படியோ சமாளிக்கக் கூடியவை. எந்த எஞ்சினின் குரலைக் கொடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஜெர்மன் எஞ்சின், ஆங்கில எஞ்சின், அமெரிக்க எஞ்சின் இவற்றின் குரல்கள். கொலுவில் ரங்கநாதர் கோபுரத்தைச் சுற்றி ஜெர்மன் எஞ்சின் ஊதிக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்?

சித்திரை வீதியில் ஒரு சிநேகிதி வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போயிருந்தேன். அவளுடைய மாமனார் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பேரன் கொலு ரயிலை முடுக்கினான். ‘குடுகுடுகுடு’ என்று தாறுமாறாக ஒரு துடிப்பு. கிழவர் கண்ணைத் திறந்தார்.

“டேய், இது பொன்மலை ஷெட்டுச் சத்தம்டா! பதினாறு சிலிண்டர்!”

“அமெரிக்காவில் பதிவு பண்ணினது தாத்தா.”

“எங்கே வேணுமானாலும் பண்ணியிருக்கட்டும். இது நம்ம வண்டி.”

அவர் சொன்னதில் பிசகில்லை. நம் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்தது. 1964 முதல் வாராணசியிலேயே கட்டினார்கள். 16 சிலிண்டர், 2600 குதிரைச் சக்தி. அமெரிக்க ஆல்கோ வண்டிகளுக்கும் அதே குடும்பத்து இருதயம். ஆகவே அமெரிக்க டிகோடரின் ஆல்கோ குரல் நமக்கும் பொருந்துகிறது. ஸ்ரீரங்கம் வழியாகக் கொள்ளிடம் பாலத்தைக் கடந்து எத்தனையோ வருஷம் போய் வந்த குரல் அது. இப்போது மின்சார எஞ்சின்கள் வந்து, அந்தக் குரல் அருகிக்கொண்டே போகிறது.

ஆனால் பேரன் ஹாரன் பொத்தானை அமுக்கினானோ இல்லையோ, கிழவர் முகம் சுருங்கிவிட்டது. ஐந்து ஸ்வரம் சேர்ந்த அமெரிக்க ஹாரன்! “இது யார் வீட்டு நாதஸ்வரம்?” என்றார். சில டிகோடர்களில் நாமே பதிவு செய்த சத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். பையன் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நாலு சாயங்காலம் காத்திருந்து நம் ஹாரனைப் பிடித்து வந்தான். பிளாட்பாரத்தில் நின்றுதான், தண்டவாளத்தோரம் போகவில்லை. இதைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவனுக்கு அடுத்த ஆசை நீலகிரி நீராவி எஞ்சின். அதற்கும் பொன்மலைக்கும் நெருங்கிய உறவு. நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் பொன்மலைக்கு வந்த பணிமனைதான் இன்று அந்த எஞ்சின்களைப் பழுது பார்க்கிறது. 2011 முதல் எண்ணெயில் ஓடும் புதிய எஞ்சின்களைக் கட்டி அனுப்பியது; 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டியது. பழையவை சுவிட்சர்லாந்தில் செய்தவை.

இதன் குரலை டிகோடரில் அடைப்பது லேசில்லை. சாதாரண நீராவி எஞ்சின், சக்கரம் ஒரு முறை சுழல்வதற்குள் நான்கு தடவை மூச்சு விடும். டிகோடர் அந்தக் கணக்கில்தான் ‘சுக் சுக்’ போடுகிறது. நீலகிரி எஞ்சினுக்கோ நான்கு சிலிண்டர். சமதளத்தில் கீழே உள்ள இரண்டு மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை வந்ததும், கீழ் சிலிண்டர்களில் உழைத்த நீராவியே மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைத் திருப்பும். வண்டி நத்தை வேகத்தில் ஏறும். மூச்சு மட்டும் துரித காலத்துக்குத் தாவிவிடும். கடைச் சரக்கில் இந்தத் தாளம் கிடைக்காது. குன்னூர் வரை போய்ப் பதிவு செய்து வந்தால்தான் உண்டு. ஒரு மீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய வரும் பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளமும் தனியாக வேண்டும். பையன் கல்லூரி விடுமுறைக்குக் காத்திருக்கிறான். தாத்தாவும் கூடப் போவதாக இருக்கிறார்.

கொலுவில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குத்துவிளக்கின் எண்ணெய்ப் புகையும் கோலப்பொடியும் தண்டவாளத்தில் படிந்தால் மின்சாரம் விட்டு விட்டு வரும். ஓடுகிற எஞ்சின் விக்கும், பாட்டு அறுந்துபோகும். தினம் விளக்கேற்றுமுன் மெல்லிய துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஏற்றுங்கள். டிகோடர் இல்லாத எஞ்சினை மட்டும் டிஜிடல் தண்டவாளத்தில் வைத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போய்விடாதீர்கள். ஓடாமல் நின்ற இடத்திலேயே முனகி முனகி மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.