செடிக்கு விலை உண்டு, செடியை அறிந்தவனுக்கு?

மூலிகைக் கண்காட்சி நடக்கிறது, செடி விற்பனையும் உண்டு, வாரீர் வாரீர் என்று தட்டி கட்டிவிட்டால் போதும். நெல்லையிலே கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. தூதுவளை ஒரு தொட்டி, ஆடாதோடை ஒரு தொட்டி, கற்பூரவல்லி ஒரு தொட்டி. வேலை முடிந்து திரும்பும் தோழரும் ஒன்றை வாங்கி வண்டியிலே மாட்டிக்கொண்டு போகிறார். வீட்டிலே பிள்ளைக்கு இருமல். சாறு பிழிந்து கொடுக்கலாம். நல்ல காரியம்! பொதிகையின் அடிவாரத்திலே, 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி பிறந்த பாளையங்கோட்டையின் பக்கத்திலே, இப்படிப்பட்ட விழா நடக்காமல் வேறு எங்கே நடக்கும்?

ஆனால், தோழர்களே, மேடையைப் பார்த்தீர்களா? பெரும்பாலும் அங்கே அகத்தியர் படம் இருக்கும். படத்துக்கு மாலை இருக்கும். மாலை போட்டவர் பேச்சும் இருக்கும். அந்த அகத்தியரின் பெயரால் வழங்கும் மலையிலே இன்றும் உயிரோடு வாழ்கிறாரே, காரையாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழிப் பக்கத்துக் காணிக்காரர், அவர் எங்கே? படத்துக்கு நாற்காலி, மனிதனுக்கு இடமில்லை! எந்த இலை எந்த நோய்க்கு என்பதைக் காட்டிலே நடந்து, தின்று பார்த்து, தப்பிப் பிழைத்து அறிந்தவர்கள் அவருடைய பாட்டன்மார். அவர்கள் அறிந்ததற்கு விலை என்ன?

கதை சொல்லவில்லை, கணக்குச் சொல்லுகிறேன். 1987 டிசம்பரில் ஆராய்ச்சியாளர் சிலர் அகத்தியர் மலையின் மேற்கு முகத்திலே, கேரளப் பக்கத்திலே, ஏறினார்கள். வழிகாட்டிகள் காணிகள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்கிற்று, காணிகளுக்கு வாங்கவில்லை. வழியிலே ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். என்ன காய் என்று கேட்டபோது எளிதிலே சொல்லிவிடவில்லை. குலத்துக்குள்ளே காத்துவந்த இரகசியம் அது. வற்புறுத்திக் கேட்ட பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலே உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தார் அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்தை ஆக்கினார்கள். 1995-இல் அதைச் செய்து விற்கும் உரிமை கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்குத் தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையிலே நூற்றுக்கு 2. இதிலே பாதி காணிகளுக்கு என்றார்கள். அதற்காக 1997-இல் கேரளக் காணிகள் பெயரால் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது.

உலகமெங்கும் இதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். பேசட்டும்! மலைவாசிக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதே பெரிது. ஆனால் அந்தச் செடியைக் காட்டிலே சேகரிக்கவும் பயிரிடவும் காணிகள் முனைந்தபோது வனத்துறை குறுக்கே நின்றது. மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது. செடியைக் காட்டியவனுக்குக் காட்டுச் சட்டம் கிடைத்தது! கிழக்கு முகத்துக் காணிக்கு, நம் தாமிரபரணிக் காணிக்கு, அந்த அறக்கட்டளையிலே இடமே இல்லை. மலை ஒன்று, இனம் ஒன்று; நடுவிலே ஒரு மாநில எல்லைக்கோடு.

சட்டம் வரவில்லையா? வந்தது. 2002-இல் உயிரியல் பன்மயச் சட்டம். மூலிகையை எடுத்து வாணிபம் செய்கிறவன் அதைக் காத்துவந்த மக்களுக்குப் பங்கு தரவேண்டும் என்றது. திவ்யா பார்மசி வழக்கிலே, உள்நாட்டு நிறுவனமானாலும் பங்கு தந்தே தீரவேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. வெள்ளைக்காரக் கம்பெனி எடுத்தால் கொள்ளை, நம்மவன் எடுத்தால் கொடையா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது என்று மகிழ்ந்தோம். எத்தனை நாளைக்கு? 2023-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திற்று. ஏடுகளிலே எழுதப்பட்டுவிட்ட மரபு அறிவுக்கு விலக்கு! பயிரிட்ட மூலிகைக்கும் விலக்கு! மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்தது; இப்போது அபராதத்தோடு சரி.

இந்திய மருத்துவம் வளரவேண்டும், மூலிகைப் பயிர் பெருகவேண்டும், அதற்காகத்தான் என்கிறார்கள். வளரட்டும். பிழைப்புக்காக மருந்து கொடுக்கும் நாட்டு வைத்தியருக்கு விலக்கு என்றால் கையெழுத்திட நானும் தயார். ஆனால் காட்டிலே தோண்டிய வேரைத் தோட்டத்திலே விளைந்தது என்று சொல்லி மூட்டை கட்டினால் கண்டுபிடிக்கப் போகிறவர் யார்? ஏட்டிலே ஏறிய அறிவு எவருடைய வாயிலிருந்து ஏறிற்று? ஓலையில் எழுதியவனுக்குப் பெயர், ஓதியவனுக்குப் புகழ், சொன்னவனுக்கு ஒன்றுமில்லை என்பது பழைய வழக்கம். அதற்குப் புதிய முத்திரை குத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்!

காட்டை விட்டுக் கீழே இறங்கி வாருங்கள். பயிரிடுகிறவன் பாடு என்ன? நிலாவாரையைப் பாருங்கள். நம் ஊர்ப் பெயரைத் தாங்கி உலகம் சுற்றுகிற செடி அது. 'டின்னவெலி சென்னா' என்று மேல்நாட்டு மருந்து நூல்களிலே நம் திருநெல்வேலி அச்சேறியிருக்கிறது. அரபு நாட்டு வித்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஹியூஸ் என்ற வெள்ளையர் இங்கே பயிரிட்டுப் பெயர் பெற்றார். எந்த முனிவரும் கமண்டலத்திலே கொண்டுவந்து கொட்டவில்லை! மலச்சிக்கலுக்கு உலக சுகாதார நிறுவனமே அவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மழை பொய்த்த மானாவாரி நிலத்திலே, ஆடு மாடும் வாய் வைக்காத செடியாக, அது வளர்கிறது. வெயிலிலே நின்று கையால் இலை உருவுகிறவர்கள் பெண்கள். நிழலிலே உலர்த்தி, மூட்டை கட்டி, தூத்துக்குடியிலே கப்பல் ஏற்றினால் சீமையிலே மாத்திரை. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலே நெல் உண்டு, பருத்தி உண்டு, நிலாவாரை இல்லை. வியாபாரி சொன்னதே விலை.

ஆகவே கண்காட்சிக்குப் போங்கள், தோழர்களே, போகவேண்டாம் என்று சொல்லவில்லை. தொட்டி வாங்குங்கள். வாங்கும்போது, இந்த நாற்றை வளர்த்தது எவர், அவருக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கேளுங்கள். காணிக் குடியிருப்புக்களிலே நாற்றங்கால் வைத்து, அவர்களே கடை விரித்து, விற்ற காசை அவர்களே எண்ணும்படி ஒரு வரிசை ஒதுக்கச் சொல்லி விழா நடத்துகிறவர்களிடம் எழுதிக் கொடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் இன்னொரு வேலை இருக்கிறது. 2002 சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அந்த ஊர்ச் செடியும் கொடியும், அவற்றைப் பற்றி அந்த ஊரார் அறிந்ததும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலே எழுதப்படவேண்டும். கிளைக் கழகத் தோழர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பதிவேட்டை எடுத்து மேசைமீது வைக்கச் சொல்லுங்கள். அதிலே உங்கள் ஊர் மருத்துவச்சியின் பெயரும், காட்டோரத்துக் கிழவரின் பெயரும் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால், எழுதி முடிக்கும்வரை எழுந்து வராதீர்கள்.