மெயில் அனுப்பியாச்சு, போய்ச் சேர்ந்ததா?

“மெயில் அனுப்பிட்டோமே சார், நீங்க பார்க்கலையா?” காரைக்குடியில் ஓட்டல் அறை முன்பதிவு செய்தவரும், கல்லூரியில் விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாணவரும் கேட்கிற பதில் இது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஆனால் அனுப்புவது வேறு, சேர்வது வேறு. விலாசதாரர் இல்லாத தபாலை போஸ்ட்மேன் திருப்பிக் கொண்டுவருவது போல, எதிர்முனை சர்வர் ஏற்க மறுத்தால் மின்னஞ்சலும் திரும்பி வரும்.

‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் ஒரு ஆங்கிலக் கடிதம் வருகிறதே, அதுதான் அது. ஏதோ விளம்பரம் என்று பலர் அழித்துவிடுகிறார்கள். காரணம் அதற்குள்தான் இருக்கிறது. அதிலுள்ள மூன்று இலக்க எண்ணை மட்டும் பாருங்கள். 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல்; உங்கள் சர்வரே மறுபடி மறுபடி முயலும். குறைந்தது 4, 5 நாள் முயல வேண்டும் என்பது இணைய விதிமுறையின் பரிந்துரை. 5-ல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. அதே மெயிலை அப்படியே பத்துத் தடவை அனுப்பினாலும் போகாது.

550 5.1.1 என்றிருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை. ‘ஜிமெயில்’ என்பதில் ஓர் எழுத்து இடம் மாறியிருக்கலாம். பினாங்கில் இருக்கும் சித்தப்பாவின் பழைய கணக்காகவும் இருக்கலாம். 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கிவிட்டது. 5.2.2 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது. ஜிமெயிலின் இலவச 15 ஜிபி, போட்டோக்களுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். கல்யாண வீடியோ ஏறினால் கடிதத்துக்கு இடமில்லை!

வியாபாரிகளைப் படுத்துவது 5.7 வரிசை. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர் சொந்தப் பெயரில் டொமைன் வாங்கி, சிங்கப்பூருக்கு விலைப்பட்டியல் அனுப்புகிறார் என்று வையுங்கள். 5.7.26 என்று திரும்பி வருகிறது. முகவரி சரி, பெட்டியும் காலி. அனுப்பியவர் உண்மையில் இவர்தானா என்பதற்குத்தான் அத்தாட்சி இல்லை. எந்த சர்வர் இவர் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்.பி.எஃப்.; மெயிலில் முத்திரை குத்துவது டி.கே.ஐ.எம்.; இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் மூன்றும் கட்டாயம். டொமைன் விற்றவரிடம் கேட்டால் அமைத்துத் தருவார். பிறகு உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, கம்ப்யூட்டரில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து, மூன்றுக்கும் நேரே ‘பாஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் திரும்பி வந்தவற்றின் கதை. திரும்பியும் வராமல் ஸ்பாம் பெட்டியில் கிடப்பவைதான் மோசம். அனுப்பியவருக்குப் போய்விட்டது, பெறுபவருக்கு வரவில்லை. நேர்காணல் தேதி, கவுன்சலிங் அழைப்பு, கட்டணக் கெடு எல்லாம் இப்படிக் கடந்துபோகலாம். பதில் அனுப்ப முடியாத ‘நோ ரிப்ளை’ முகவரியிலிருந்து அழைப்பு அனுப்பிவிட்டு, “வராதது உங்கள் பொறுப்பு” என்று அலுவலகங்கள் கை கழுவுவது நியாயமல்ல. திரும்பி வந்த மெயில்களை தினமும் ஒருவர் பார்த்து, அவர்களுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அல்லது போன் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்டு வாங்குவது பிறகு எதற்கு?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. “உங்கள் மெயில்கள் தேங்கியுள்ளன, விடுவிக்க இங்கே சொடுக்கவும்” என்று பாஸ்வேர்டு கேட்கும் போலிக் கடிதங்களும் இதே வேஷத்தில் வரும். நிஜமான திரும்பிய கடிதம் ஒருபோதும் பாஸ்வேர்டு கேட்காது. கொடுத்துவிட்டால் உடனே அதை மாற்றுங்கள்; பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள்.