செக் திரும்பிடுச்சா? போனை ஆஃப் பண்ணாதீங்க பாஸ்!

செமஸ்டர் ஃபீஸ், பைக் ரிப்பேர், அக்கா கல்யாணம், இல்ல சும்மா புது செல்போன்... காரணம் எதுவா வேணா இருக்கட்டும். தெருமுனை ஃபைனான்ஸ்ல 25,000 ரூபாய் வாங்கிட்டீங்க. அண்ணாச்சி உங்ககிட்ட ஒரு செக்ல கையெழுத்து வாங்கி டிராயர்ல பூட்டி வெச்சார். ரெண்டு மாசம் பணம் போகலை. செக்கை பேங்க்ல போட்டுட்டார். உங்க அக்கவுண்ட்ல இருந்ததோ 312 ரூபாய். 'போதிய பணமில்லை'ன்னு ஒரு சீட்டோட செக் திரும்பிடுச்சு. அடுத்த நிமிஷம் போன்: "தம்பி, நாளைக்குக் காலைல போலீஸ் ஹாஸ்டலுக்கே வரும்!"

வராது. முதல்ல தண்ணி குடிங்க. செக் பவுன்ஸ் கேஸ்ல போலீஸ் தானா வந்து தூக்கிட்டுப் போக முடியாது. செக்கை வெச்சிருக்கிறவர்தான் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல எழுத்து மூலமா புகார் கொடுக்கணும். ஜாமீன் கிடைக்கிற குற்றம்தான். அதுக்காக சும்மா விட்டுடுற மேட்டரும் இல்லை. 1881-ம் வருஷத்து செலாவணி முறிச் சட்டத்துல 138-வது பிரிவு இருக்கு. 1989 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. குற்றம் நிரூபணமானா ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா செக் தொகையைப் போல ரெண்டு மடங்கு வரை அபராதம், இல்லேன்னா ரெண்டுமே!

ஆனா செக் திரும்பின உடனே குற்றம் ஆயிடாது. நம்ம பசங்களுக்குத் தெரியாத பாயின்ட் இதுதான். பேங்க்ல இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள்ள அவர் உங்களுக்கு எழுத்து மூலமா நோட்டீஸ் அனுப்பணும். அது உங்க கைக்கு வந்ததுல இருந்து 15 நாள் உங்க டைம். ஜூன் 3-ம் தேதி வாங்கினீங்கன்னா 18-ம் தேதி வரைக்கும். அதுக்குள்ள செக்ல உள்ள தொகையை முழுசா கட்டிட்டா, அந்த செக்குக்கு கிரிமினல் கேஸே கிடையாது. கட்டலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள அவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

'தபால்காரரைப் பார்த்தா மொட்டை மாடிக்கு ஓடிடலாமே'ன்னு ஒரு ஐடியா எல்லா ஹாஸ்டல்லயும் சுத்துது. வேஸ்ட்! சரியான விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபால் வந்து, வாங்க மறுத்து திரும்பினாலும், நோட்டீஸ் சேர்ந்ததாத்தான் கோர்ட் எடுத்துக்கும். ஓடினா அந்த 15 நாள் உங்களுக்குத் தெரியாமலே கரைஞ்சு போகும், அவ்ளோதான். அப்புறம் சம்மன் வந்து, அதுக்கும் போகலைன்னா வாரன்ட் வரும். அப்போ நெஜமாவே போலீஸ் வரும்.

ஸோ, நேர்ல போய்ப் பேசுங்க. தனியா போகாதீங்க. அப்பாவோ மாமாவோ கூட வரட்டும். வீட்டுல ஒரு நாள் திட்டு விழும்தான், சம்மன் வந்தப்புறம் விழுற திட்டுக்கு அது எவ்வளவோ மேல். மொத்தமா முடியலைன்னா தவணை கேளுங்க. பெரும்பாலான ஃபைனான்ஸ்காரங்களுக்கு பணம்தான் வேணும், கோர்ட் வராண்டால நிக்க அவங்களுக்கும் நேரமில்லை. ஆனா, 'மாசம் அஞ்சாயிரம் குடு தம்பி, பார்த்துக்கலாம்'ங்கிற வாய்ப்பேச்சை மட்டும் நம்பாதீங்க. பாதிப் பணம் கட்டினாலும் 15 நாள் ஓடிக்கிட்டேதான் இருக்கும். தவணைக்கு ஒத்துக்கிட்டதா, கேஸ் போட மாட்டேன்னு, அவர் கையெழுத்தோட ஒரு பேப்பர் வேணும். பணத்தை பேங்க் வழியா அனுப்புங்க. ரொக்கமா கொடுத்தா ரசீது இல்லாம எழுந்திரிக்காதீங்க.

இதுல ஒரு பெரிய குழி இருக்கு. "பழசு கிடக்கட்டும், புதுசா ஒரு செக் குடு"ம்பார். பழைய செக் கைக்கு வராம புதுசுல பேனா வைக்காதீங்க. தேதி போட்டு மூணு மாசம் வரை அதே செக்கை அவர் மறுபடியும் பேங்க்ல போடலாம். ரெண்டாவது தடவை திரும்பினதை வெச்சும் கேஸ் போடலாம்னு சுப்ரீம் கோர்ட் 2012-ல சொல்லியிருக்கு.

'நான் வெறும் செக்தானே கொடுத்தேன், தொகையை அவர்தான் எழுதினார்'னு சொல்றீங்களா? கையெழுத்து உங்களோடதுன்னா, கடனுக்காகத்தான் கொடுத்தீங்கன்னு கோர்ட் முதல்ல நம்பும். இல்லேன்னு காட்ட வேண்டிய பொறுப்பு உங்க தலையில. 2019-ல சுப்ரீம் கோர்ட் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. ஆனா ஒரு ஆறுதல்: செக்கை பேங்க்ல போடறதுக்கு முன்னாடியே நீங்க பாதிக் கடனை அடைச்சிருந்து, அவர் அதை செக்ல குறிக்காம முழுத் தொகைக்கும் போட்டார்னா, 138 நிக்காதுன்னு 2022-ல அதே கோர்ட் சொன்னது. ஆனா அடைச்சதுக்கு ஆதாரம்? பழைய மெசேஜ், பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிச்சிடாதீங்க. தொகை தப்புன்னா, வக்கீல் மூலமா நோட்டீஸுக்கு பதில் அனுப்பிடுங்க. சும்மா இருந்தா பின்னாடி சொல்றது எடுபடறது கஷ்டம்.

நண்பனுக்காக ஜாமீன் நின்னு, 'மச்சி, உன் செக் ஒண்ணு குடுடா'ன்னதும் கிழிச்சுக் கொடுத்தவங்களும் தப்பிக்க முடியாது. ஜாமீன்தாரர் செக்குக்கும் 138 பொருந்தும். பைக் இ.எம்.ஐ. அக்கவுண்ட்ல இருந்து தானா போற மாதிரி எழுதிக் கொடுத்து, பணமில்லாம திரும்பினாலும் கிட்டத்தட்ட இதே தண்டனைக்கு வேற சட்டம் இருக்கு, 2007-ல வந்தது.

கந்துவட்டி, மீட்டர் வட்டின்னு போட்டு வீட்டு வாசல்ல வந்து மிரட்டறாங்களா? தமிழ்நாட்டுல 2003-லயே அதுக்குத் தடைச் சட்டம் வந்தாச்சு. நீங்களே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். கடன் வாங்கினவன் புகார் கொடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லலை.

வக்கீலுக்குக் காசில்லைன்னு தயங்க வேணாம். மாவட்ட கோர்ட் வளாகத்துலயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் வைப்பாங்க. மத்தவங்கள்ல பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம். கேஸ் கோர்ட்டுக்கே போயிட்டாலும் நடுவுல எப்ப வேணா சமரசம் பண்ணிக்கலாம். லோக் அதாலத்ல இந்த மாதிரி கேஸ்கள்தான் வரிசை கட்டி நிக்கும். போகும்போது நோட்டீஸ், அது வந்த கவர், பேங்க் ஸ்டேட்மென்ட் மூணையும் எடுத்துட்டுப் போங்க. கவரை ஏன்னு கேட்கறீங்களா? தபால் முத்திரையில தேதி இருக்குல்ல!