இயக்குநருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் ஒரே பிரீமியம்

தனியார் காப்பீடு என்றாலே கொள்ளை என்று நினைப்பவர்களைச் சுவிட்சர்லாந்து கொஞ்சம் குழப்பும். 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அங்கே குடியிருக்கும் எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். விற்பவை தனியார் நிறுவனங்கள்தான். ஆனால் அடிப்படைக் காப்பீட்டில் அவை லாபம் பார்க்கக் கூடாது, நோயாளி என்று யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது. இதுவரை எனக்குக் குறை தெரியவில்லை. பிரீமியத்தில்தான் இடிக்கிறது. ஒரே ஊரில் ஒரே நிறுவனத்தின் ஒரே திட்டத்தில் இருந்தால் வங்கி இயக்குநரும் ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவரும் கட்டுவது ஒரே தொகை. பிஸ்மார்க் 1883இல் தொடங்கிவைத்த ஜெர்மன் முறையில் சம்பளத்துக்கு ஏற்பப் பிடிக்கிறார்கள் (நிறையச் சம்பாதிப்பவர்கள் தனியார் காப்பீட்டுக்கு நழுவிவிடலாம் என்பது அதன் ஓட்டை). சுவிஸில் ஏழைகளுக்கு மானியம் உண்டு. மானியத்துக்கான வருமான வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பம்தான் மாட்டிக்கொள்கிறது. ஆண்டு மருத்துவச் செலவில் முதல் 2,500 ஃபிராங்க் வரை கைக்காசைப் போட ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். கையில் காசில்லாதவர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவார், வேறென்ன செய்வார்? பிரீமியம் வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற யோசனை 2024 ஜூனில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். மிச்சச் செலவு வரியாக வந்து விடியும் என்ற பயம்.