பழி சினிமாவின் மேல்

"பிள்ளைகளை சினிமா கெடுத்துவிட்டது" என்று சொல்வதற்கு இந்த ஊரில் யாருக்கும் படிப்போ அனுபவமோ தேவையில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொல்லலாம். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை போகும்போது சொல்லலாம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டும் சொல்லலாம். கேட்பவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுத்துச் சொல்ல ஒருவனாவது வேண்டாமா? அந்த உத்தியோகத்தை இன்று நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இந்தக் கூப்பாடு புதிதல்ல. ஒரு காலத்தில் நாடகக் கொட்டகை பிள்ளைகளைக் கெடுத்தது. பிறகு நாவல் கெடுத்தது. அப்புறம் டூரிங் டாக்கீஸ், அப்புறம் டி.வி., அப்புறம் வீடியோ காஸெட். இன்று கைப்பேசியில் ஓடும் அரை நிமிஷத் துண்டுப் படம். குற்றவாளி மாறிக்கொண்டே வருகிறான். குற்றச்சாட்டு மட்டும் மாறவே இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே வழக்கு நடக்கிறது. ஆனால் கெட்டுப் போனதாகச் சொல்லப்படும் மாணவனை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றி, "அப்பா, உன் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் அபிராமபுரத்துப் பக்கம் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் மயிலாப்பூர், ஒரு பக்கம் ஆழ்வார்ப்பேட்டை, இன்னொரு பக்கம் மந்தைவெளியும் ராஜா அண்ணாமலைபுரமும். காலை எட்டு மணிக்கு சி.பி. ராமசாமி சாலையில் ஐந்து நிமிஷம் நின்றால் உலகத்தில் உள்ள நிறங்களை எல்லாம் யூனிபாரத்தில் பார்த்துவிடலாம். எங்கள் தெருவில் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் ஆறு பிள்ளைகளை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?"

"மழை லீவு, அங்கிள்" என்றான் ஒருவன். நவம்பர் மாதத்தில் விடியற்காலை எழுந்து, கலெக்டர் விடுமுறை அறிவித்துவிட்டாரா என்று அவன் பார்க்கும் பக்தியை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை.

"டீச்சர் வராத அன்னிக்கு வேற டீச்சர் வந்து சும்மா உட்கார்ந்திருப்பாங்களே, அந்தப் பீரியட்" என்றாள் ஒரு பெண்.

"பெல் அடிச்சதுக்கும் அடுத்த மிஸ் வர்றதுக்கும் நடுவுல ரெண்டு நிமிஷம் இருக்கும். அது" என்றாள் இன்னொருத்தி.

"பி.டி. பீரியட். ஆனா அது டைம் டேபிள்லதான் இருக்கும், கிரவுண்டுல இருக்காது. கணக்கு சார் எடுத்துப்பார்" என்றான் பத்தாவது படிப்பவன். மற்ற இருவரும் அதையே ஆமோதித்தார்கள்.

பொருள் ஒன்றுதான். பள்ளிக்கூடம் நடக்காத நேரமே பள்ளிக்கூடத்தில் நல்ல நேரம். சரி, சினிமா ஏன் பிடிக்கிறது என்று கேட்டேன். அந்தப் பத்தாவது பையன் யோசிக்கவே இல்லை. "படத்துல அடுத்து என்ன நடக்கும்னு தெரியாது, அங்கிள். கிளாஸ்ல தெரியும்."

ஆறு பேரை வைத்து ஊரை அளக்கலாமா என்று கேட்பீர்கள். அளக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். வேறு பதில் வந்தால் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கத் தெரியாத பள்ளிக்கூடம், எதிரே இருக்கும் சினிமாக் கொட்டகை கோணல் என்கிறது. பிள்ளைக்கு ஆனந்தம் தரக்கூடிய ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடமே வெளியில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார். அந்தக் கடன் எந்த ஜன்மத்திலும் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை. ஓவியப் பீரியட் பரீட்சை நெருங்கியதும் மாயமாய் மறைகிறது. நூலகத்துக்குப் பூட்டு. அரசாங்கப் பள்ளிகளுக்கு 2012-ல் ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி முதலியவற்றுக்கென்று 16,549 பேரை நியமித்தார்கள். நல்ல காரியம். ஆனால் எப்படி நியமித்தார்கள்? பகுதி நேரம், மாதம் 5,000 ரூபாய். கணக்குக்கு முழு நேரம், பாட்டுக்கு அரை நேரம் என்றால், எது வாழ்க்கை, எது ஒட்டுத்துணி என்று பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லித் தர முடியும்?

ஆனந்தம் கிடக்கட்டும், பாடத்தையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்து, ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் அரைத்தார்கள். ஒரு முழு வருஷத்துப் படிப்பு பட்டப்பகலில் களவு போயிற்று. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். திருட்டைத் தடுக்க அரசாங்கம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுப் பரீட்சை கொண்டுவந்தது; 2018 மார்ச்சில் முதல் பரீட்சை நடந்தது. பிள்ளைகளின் சுமை கூடிவிட்டது என்று 2025-ல் அதை எடுத்தும் விட்டார்கள். சுமை குறைந்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் பழைய திருட்டு திரும்பி வராது என்பதற்கு யார் ஜாமீன்? திருடியது பள்ளிக்கூடம், பரீட்சை எழுதித் தண்டனை அனுபவித்தது பிள்ளை. இதில் சினிமா எங்கே வந்தது?

சினிமா வந்த இடத்தையும் சொல்கிறேன். வருஷம் முழுவதும் சினிமாவைச் சபிக்கும் அதே பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு உதட்டுச் சாயம் பூசி, ஜரிகைப் பாவாடை கட்டி, அந்த வருஷத்தில் பிரபலமான சினிமாப் பாட்டுக்கு ஆடவிடுகிறார்கள். பாட்டின் அர்த்தம் குழந்தைக்குத் தெரியாது. ஆடச் சொன்னவர்களுக்குத் தெரியும். பெற்றோர்கள் எழுந்து நின்று கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில், கைப்பேசியும் சினிமாவும் மாணவர்களின் சத்துருக்கள் என்று பிரசங்கம். இந்த வேஷத்தைக் குழந்தைகள் கவனிப்பதில்லை என்றா நினைக்கிறீர்கள்?

வேடிக்கைப் பேச்சு போதும். வேதனையான ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அந்த அம்மையார் தம் கடமையைச் செய்தவர். ஆனால் ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது? அவன் பார்த்ததாகச் சொல்லப்பட்ட ஒரு ஹிந்திப் படத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. பலருக்கு அதுவே போதுமாக இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அந்தப் படத்தை தேசம் முழுவதும் எத்தனையோ பேர் பார்த்தார்கள். கத்தி எடுத்தவன் ஒருவன். அப்படியானால் படத்துக்கு அப்பால் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும் அல்லவா? படிப்பைப் பற்றி அவன் டைரியில் எழுதி அனுப்பப்பட்ட குறிப்புகளைக் குறித்தும் செய்தி வந்தது. ஐம்பது பிள்ளைகளை ஒரு ஆசிரியையிடம் ஒப்படைத்து, அவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் சிவப்பு மையைத் தவிர வேறு பேச்சுக்கு வழி வைக்காத ஏற்பாடு நம்முடையது. அது பிள்ளைக்கு மட்டும் துரோகமல்ல, ஆசிரியைக்கும் துரோகம். அதைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் நாம் படத்தைப் பற்றிப் பேசினோம்.

சினிமா நிரபராதி என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு பெண்ணின் பின்னால் தெருத்தெருவாய் அலைந்து தொல்லை கொடுப்பதற்குக் காதல் என்று பெயர் சூட்டிப் பல தலைமுறைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்த பாவம் தமிழ் சினிமாவுக்கு உண்டு. முப்பது வயது நடிகருக்கு அரைக்கை யூனிபாரம் மாட்டி, பள்ளிக்கூடம் என்றால் காதல் கடிதம் என்று காட்டிய அபத்தமும் உண்டு. ஆனால் அதே சினிமாதான் 2009-ல் பாண்டிராஜின் "பசங்க" படத்தையும் தந்தது. ஐந்தாறு பையன்களின் சண்டையை ஒரு ராஜ்ய யுத்தத்தின் கௌரவத்தோடு காட்டிய படம் அது. தேசிய விருதும் கிடைத்தது. 2024-ல் மாரி செல்வராஜின் "வாழை" வந்தது. லீவு நாளில் வாழைத்தார் சுமந்து கழுத்து வலிக்கும் பையனுக்குப் பள்ளிக்கூடம் சொர்க்கமாக இருக்கிறது. அன்பான டீச்சர் இருக்கிறார், ரஜினியா கமலா என்று வழக்காட நண்பன் இருக்கிறான். பள்ளிக்கூடமும் சினிமாவும் அந்தப் பையன் மனத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். அவற்றுக்கு நடுவில் சுவர் எழுப்பியவர்கள் பெரியவர்கள்தான்.

சுவர் இல்லாத காலமும் உண்டு. சிறு வயதிலேயே படிப்பை விட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போன ஒரு பையன் பாட்டும் வசனமும் வாள்வீச்சும் கற்றது நாடகக் கொட்டகையில். எம்.ஜி.ஆர். என்ற அந்தப் பையன் முதலமைச்சராகி, காமராஜர் தொடங்கிய மதிய உணவை 1982-ல் சத்துணவுத் திட்டமாக விரித்தார். எங்கள் பேட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவருடைய சத்யா ஸ்டூடியோ இருந்தது. அந்த இடத்தில் இன்று பெண்கள் கல்லூரி நடக்கிறது. படம் எடுத்த மண்ணில் பாடம் நடப்பதால் பாடம் ஒன்றும் தீட்டுப்பட்டுவிடவில்லை.

இலக்கியக்காரர்கள் தப்பித்துக்கொள்ளவும் விடமாட்டேன். பள்ளிக்கூடத்தைப் பற்றித் தமிழில் வந்த கதைகளில் பலர் மனத்தை உலுக்கியது இரா. நடராசனின் "ஆயிஷா". கேள்வி கேட்கிற ஒரு பெண் குழந்தையைப் பள்ளிக்கூடம் எப்படிக் கொன்றது என்ற கதை. ஆனால் அதையும் சொல்கிறவள் ஆசிரியைதான். "சாட்டை" படத்திலும் காப்பாற்ற வருகிறவர் ஆசிரியர்தான். நம் கதைகளில் மாணவன் அடிக்கப்படுகிறான், அல்லது காப்பாற்றப்படுகிறான். அவன் பேசுவதில்லை.

பேசவிட்டால் என்ன ஆகும்? இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், லோரன்ஸோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியில் எட்டுப் பையன்கள் சேர்ந்து, தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967-ல் புத்தகமாக வந்தது. ஏழைப் பிள்ளையைத் துரத்திவிட்டுப் பணக்காரப் பிள்ளையைத் தேற்றும் பள்ளிக்கூடம், நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு ஆரோக்கியசாலியைக் கவனிக்கும் ஆஸ்பத்திரி என்ற பொருள்பட அவர்கள் எழுதியதற்கு இன்றுவரை சரியான பதில் இல்லை.

ஜப்பானில் ஒரு சிறுமி. வகுப்பு நடக்கும்போது ஜன்னலருகில் நின்று, தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாள். இந்தக் குற்றத்துக்கும் இதுபோன்ற வேறு சிலவற்றுக்குமாக, முதல் வகுப்பிலேயே அவளைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தப் பள்ளிக்குத் தெருப் பாட்டு சத்துரு. தாயார் அவளை வேறொரு பள்ளிக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். தலைமை ஆசிரியர் கோபயாஷி தம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொல்ல நினைத்ததை எல்லாம் சொல்லச் சொன்னார். ஒரு மணியல்ல, இரண்டு மணியல்ல, நாலு மணி நேரம் கேட்டார். அந்தச் சிறுமி தெத்ஸுகோ குரோயானாகி, பின்னாளில் ஜப்பானிய டெலிவிஷனின் பெரிய நட்சத்திரம் ஆனார். அவர் 1981-ல் எழுதிய "டோட்டோ-சான்" தமிழிலும் கிடைக்கிறது. நம் தலைமை ஆசிரியர்கள் பலருடைய அலமாரியில் அது இருக்கவும் கூடும், அலமாரி பூட்டியிருக்கும்.

அரசாங்கப் பள்ளிகளில் 2022 முதல் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு படம் போட்டுக் காட்டி, அதைப் பற்றிப் பேசவைக்கும் ஏற்பாடு வந்தது. கலைத் திருவிழாவும் நடத்த ஆரம்பித்தார்கள். கட்டணம் வாங்கும் கனவான்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். குழந்தைகளுக்கென்றே படம் எடுக்க 1955-ல் தேசம் ஏற்படுத்திய குழந்தைகள் திரைப்படச் சங்கத்தை 2022-ல் வேறொரு கழகத்தோடு இணைத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். பிள்ளைக்கென்று நல்ல படம் எடுக்கமாட்டோம். பெரியவர்களுக்கு எடுத்ததை அவன் பார்த்தால் அடிப்போம் என்பது என்ன நியாயம்?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. கமிட்டி வேண்டாம், அறிக்கை வேண்டாம். விளையாட்டுப் பீரியடைத் தொடாதீர்கள். பிள்ளைகள் பார்க்கிற படத்தை வகுப்பில் கொண்டுவந்து, அதில் எது பொய், எது நிஜம் என்று அவர்களையே சண்டை போடவிடுங்கள். பின்னால் அலைவது காதல் அல்ல என்று அங்கேயே ஒரு பெண் எழுந்து சொல்லிவிடுவாள். பள்ளி ஆண்டு மலரில் பிரின்ஸிபாலின் செய்தியையும் தாளாளரின் போட்டோவையும் இரண்டு பக்கம் குறைத்து, பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பிள்ளை எழுதியதைத் திருத்தாமல் போடுங்கள். கடைசியாக, அவன் சொல்வதைக் கேளுங்கள். கோபயாஷியைப் போல நாலு மணி நேரம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பீரியட் போதும். எங்கே பீரியட் இருக்கிறது என்று கேட்டால், கணக்கு வாத்தியாரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கொடுக்க வேண்டிய பழைய கடன் நிறைய இருக்கிறது.