பட்டமரத்தின் பழியை விதியின் மீது போடாதீர்!

 

பட்டுப்போன தென்னை ஒன்று அண்டை வீட்டுக் கூரையின் மேல் விழுந்துவிட்டால், நம்மவர்களின் வாயிலிருந்து வருகின்ற முதற்சொல் “அல்லாஹ்வின் நாட்டம்” என்பதாகும். அம்மரத்தின் கொண்டை உதிர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அண்டை வீட்டார் பலமுறை வந்து முறையிட்டிருப்பார்கள். அப்போதெல்லாம் “பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பிய அதே நாவு, மரம் விழுந்த பிறகு களா கத்ரைப் பற்றிப் பாடம் நடத்துகிறது. இதனை ஈமான் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. இது சோம்பலுக்கு மார்க்கத்தின் போர்வையைப் போர்த்துவதாகும்.

விதியை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று. அதில் எவருக்கும் ஐயமில்லை. எனினும், ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதனைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஒட்டகம் ஓடிப்போனால் உரிமையாளருக்கு மட்டுமே இழப்பு. மரம் விழுந்தால் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு இழப்பு. அங்கேயே கட்டச் சொன்ன மார்க்கம், இங்கே கைகட்டி நிற்கச் சொல்லுமா?

“கஜா புயலில் பச்சை மரங்களே விழுந்தனவே” என்று சிலர் வாதிடுகின்றனர். உண்மைதான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த அப்புயல், டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அத்தகைய காற்றில் நல்ல மரம் விழுந்ததற்காக எவரையும் குற்றம் சாட்ட இயலாது. ஆனால் பட்டமரம் புயலுக்காகக் காத்திருப்பதில்லை. காற்றே இல்லாத ஒரு பிற்பகலிலும் அது முறிந்து விழும். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நேர்மையாகாது.

மரத்தின் நிலையை அறிவதற்குப் பெரும் கல்வி தேவையில்லை. தென்னையில் குருத்து செத்துவிட்டால் மரமே செத்தது. அதற்குப் பக்கக்கிளை வளர்ந்து மறுவாழ்வு கிடைப்பதில்லை. தண்டில் துளைகள் தோன்றி, அவற்றின் வழியே பழுப்பு நிற நீரும் மென்று துப்பிய நாரும் வெளிப்பட்டால், உள்ளே சிவப்புக் கூன்வண்டு இருக்கிறது என்று பொருள். அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்து, மட்டைகள் தொங்கி, பின்னர் தூரில் காளான் முளைக்குமானால் அது தஞ்சாவூர் வாடல் நோயாகும். அம்மரம் வெளியே உறுதியாகத் தோன்றினாலும் வேரும் அடியும் அழுகிக்கொண்டிருக்கும்.

வேம்பு, பூவரசு, முருங்கை போன்றவற்றில் இளங்கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையிருந்தால் அக்கிளைக்கு உயிருண்டு. பல கிளைகளிலும் பழுப்பாகவும் காய்ந்தும் இருந்தால் ஐயப்படுங்கள். இலையுதிர்த்த மரமெல்லாம் செத்த மரமன்று. ஒதியமரம் கோடையில் மொட்டையாக நின்று பிறகு தளிர்க்கும். ஆதலால் அவசரப்பட்டு உயிருள்ள மரத்தை வெட்டிவிடாதீர்கள். பட்டை தகடாக உரிதல், தட்டினால் பொள்ளலோசை கேட்டல், தண்டில் புதிய வெடிப்பு, அண்மையில் ஏற்பட்ட சாய்வு, சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் மேலெழும்புதல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இவற்றுள் கடைசி இரண்டும் சேர்ந்து காணப்பட்டால் நாள் கடத்தாதீர்கள்.

இனி மார்க்கச் சட்டத்திற்கு வருவோம். ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ஹிதாயாவில், சாய்ந்த சுவரைப் பற்றித் தனிப்பகுதியே உண்டு. ஒருவரின் சுவர் பொதுவழியை நோக்கிச் சாய்கிறது. அதனை இடிக்குமாறு அவரிடம் கோரப்பட்டுச் சாட்சியும் வைக்கப்படுகிறது. இடிப்பதற்குப் போதிய அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. பிறகு அது விழுந்து ஏற்படும் உயிர்ச்சேதத்திற்கும் பொருட்சேதத்திற்கும் ஈடு உண்டு என்பது அங்குள்ள சட்டம். சுவர் அண்டை வீட்டை நோக்கிச் சாய்ந்தால் கோரும் உரிமை அவ்வீட்டாருக்கு உரியது. ஐவருக்குப் பொதுவான சுவராக இருந்து, ஒருவரிடம் மட்டும் கோரப்பட்டிருந்தால், ஐந்தில் ஒரு பங்குப் பொறுப்பு அவரைச் சாரும் என்பது வரை அந்நூல் பேசுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில், நேராகக் கட்டப்பட்டுப் பின்னர் சாய்ந்த சுவருக்கு ஈடு இல்லை என்பதே வலுவான கருத்து என நம் கடற்கரை ஊர்களின் சகோதரர்கள் சுட்டிக்காட்டலாம். அதனை நான் மறைக்கவில்லை. ஆனால் ஈட்டுத்தொகை இல்லை என்பதற்கு, அண்டை வீட்டாரை அச்சத்தில் வாழவைக்கலாம் என்று பொருளாகாது. தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்காதவரின் ஈமானைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கை எல்லா மத்ஹபினருக்கும் பொதுவானது.

நாட்டின் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. விழுந்து பிறருக்குக் காயம் விளைவிக்கக்கூடிய நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ தாங்கு கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் நிர்வாக நடுவருக்கு இருந்தது. இன்று அது புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவில் தொடர்கிறது. எனவே பாதிக்கப்படும் அண்டை வீட்டார் தெருச்சண்டையில் இறங்கத் தேவையில்லை. முதலில் சாட்சியுடன் எழுத்தில் கோருங்கள். பயனில்லையேல் ஜமாஅத்திடமும், அதற்கும் பயனில்லையேல் கோட்டாட்சியரிடமும் மனுக் கொடுங்கள்.

“மரத்தை வெட்டுவது பாவமல்லவா?” என்பது அடுத்த சாக்கு. இலந்தை மரத்தை வெட்டுபவரைக் கண்டிக்கும் நபிமொழியை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். அவரே அதற்கு விளக்கமும் தருகிறார்: வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழல்பெறும் மரத்தை வீணாகவும் அநியாயமாகவும் வெட்டுவதைப் பற்றியது அது. பட்டமரம் எவருக்கு நிழல் தருகிறது? மாறாக, பாதையில் மக்களுக்குத் தொல்லை தந்த ஒரு மரத்தை வெட்டி அகற்றியதற்காக ஒரு மனிதர் சொர்க்கத்தில் உலவுவதைக் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிமில் உள்ளது. மரம் நடுவது தர்மம். ஆபத்தான மரத்தை அகற்றுவதும் தர்மமே.

“எங்கள் அப்பா வைத்த மரம், வாரிசுகள் ஐந்து பேர், இருவர் துபாயில், ஒருவர் மலேசியாவில்” என்பதே நம் ஊர்களில் மிகுதியாகக் கேட்கும் சாக்கு. பாகப்பிரிவினை நடக்காத, பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கொல்லைகளில்தான் பட்டமரங்கள் பெருகி நிற்கின்றன. சொத்தில் பங்கு கேட்கும்போது தொலைபேசியில் ஒன்றுகூடுகின்ற ஐவரும், மரம் வெட்டும் கூலியைப் பகிரும்போது மட்டும் எங்கே மறைகின்றனர்? பங்கு உரிமையானால் பொறுப்பும் பங்குதான். வாடகைக்குக் குடியிருப்பவர் தலையில் இதனைக் கட்டாதீர்கள். வெட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை.

முத்தவல்லிகளுக்கும் ஒரு சொல். மையவாடியிலும் பள்ளி வளாகத்திலும் நிற்கும் காய்ந்த மரங்கள் உங்கள் அமானத். கப்ரின் மேலுள்ள பசுமையைப் பிடுங்குவதைத்தான் ஃபிக்ஹு நூல்கள் வெறுத்துரைக்கின்றன. காய்ந்ததை அகற்றுவதை அவை தடுக்கவில்லை.

வெட்டுவதிலும் அநீதி வேண்டாம். கூலியை மிச்சப்படுத்துவதற்காக, ஒரு தொழிலாளியைப் பட்ட தென்னையில் ஏறச் சொல்கின்றவர் தன் ஆபத்தை ஓர் ஏழையின் தலைக்கு மாற்றுகிறார். உளுத்த தண்டு ஏறுபவரின் எடையைத் தாங்காது. கிரேன் அல்லது தூக்கி வண்டி கொண்டு, மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்கச் செய்யுங்கள். அருகில் மின்கம்பி சென்றால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்குங்கள். பனையாயின் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சாலையோர மரம் உங்களுடையதன்று. உரிய துறைக்கு எழுதுங்கள். வெட்டிய தென்னந்தண்டைக் கொல்லையில் அழுகவும் விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் பெருகும். பிறகு அண்டை வீட்டாரின் நல்ல தென்னையின் குருத்தைத் தின்னும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு ஜும்ஆவிற்குப் பின், உங்கள் கொல்லையை அண்டை வீட்டாரின் கண்கொண்டு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் ஊரிலுள்ள உறவினரிடம் மரங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டமரம் இருந்தால் அகற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு கன்றை நடுங்கள். அதன்பின் தவக்குல் வையுங்கள். அல்லாஹ் நம் இல்லங்களையும் நம் அண்டை வீட்டாரின் இல்லங்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.