வெறுங்கூடு சுத்தமான கூடு அல்ல

2018இல் ரொறொன்ரோ நகரம் சில வட்டாரங்களில் வீட்டுக்கோழி வளர்க்கச் சோதனை முறையில் அனுமதித்தது. எங்கள் ஸ்ரௌவ்விலிலும் அந்த ஆசை பலருக்கு உண்டு. உண்ணி பிடித்தால்? "கோழியைக் கொடுத்துவிட்டால் உண்ணி பட்டினியில் சாகும்" என்பார்கள். பிழையான கணக்கு, தம்பி தங்கைகளே.

கோழிச் சிவப்பு உண்ணி கோழியில் குடியிருப்பதில்லை. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துத் திரும்பும். வயிறு நிறைந்த உண்ணி இடுக்கைத் தேடும். பசித்த உண்ணி உடற்சூட்டையும் மூச்சில் வரும் கரியமில வாயுவையும் தேடும். பல மாதப் பட்டினியையும் தாங்கும். கோழி இல்லையென்றால் மனிதரையும் கடிக்கும்.

ஆகவே கோழியை அனுப்பினால் உண்ணி போகாது. அதன் பசிதான் கூடும். கோழி இருக்கும்போதே இரவில் டோர்ச் அடித்து இடுக்குகளைப் பாருங்கள், துப்புரவாக்குங்கள்.